முதலில் செட்லர், எப்போது கேம்பஸ்? சிவ் வகை ஆட்டங்களில் நகரத்தையும் ஆய்வையும் கணக்குப் பார்த்து வளர்க்கும் வழி

சிவிலைசேஷன் (சுருக்கமாக சிவ்) போல டர்ன் டர்னாக ஒரு நாகரிகத்தை வளர்க்கும் ஆட்டங்களில் நகரங்களைப் பெருக்குவதா, ஆய்வைப் பெருக்குவதா என்று கேட்டால் பாதிப் பேர் "இரண்டையும் சமமா பாத்துக்கணும்" என்பார்கள். அப்படிச் சமமாகப் பார்ப்பவர்தான் 100-ஆவது டர்னில் நாலு நகரத்தோடும் பாதி கட்டிய லைப்ரரியோடும் நிற்கிறார். இந்த ஆட்டங்களில் சமநிலை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு கட்டத்தில் நகரம் மலிவு, அடுத்த கட்டத்தில் ஆய்வு மலிவு. எது எப்போது மலிவு என்று தெரிந்தால் போதும்.

அதற்கு முதலில் பார்க்க வேண்டியது, புதிய நகரத்துக்கான விலையை உங்கள் ஆட்டம் எந்த இடத்தில் வசூலிக்கிறது என்பதை. சிவிலைசேஷன் 6-இல், புது நகரம் நிறுவப் போகும் செட்லரின் விலையிலேயே வசூலித்துவிடுகிறது. சிவிலைசேஷன் 5-இலும் அதே விதிகளில் ஓடும் இலவச ஆட்டமான அன்சிவ்விலும் டெக் (ஆராய்ந்து பெறும் தொழில்நுட்பம்) விலையிலும் மக்களின் மகிழ்ச்சியிலும் வசூலிக்கிறது. பாலிடோப்பியாவில் முழுக்க முழுக்க டெக் விலையில்தான். சிவிலைசேஷன் 7-இல் ஒரு வரம்பு போட்டு, அதைத் தாண்டினால் தண்டம். ஒரு ஆட்டத்தில் பழகிய கையை அப்படியே அடுத்ததற்குக் கொண்டுபோனால் தோல்வி நிச்சயம். சிவ் 5-இல் நாலு நகரத்தோடு ஜெயித்தவர்கள் சிவ் 6-இல் திணறுவது இதனால்தான்.

சிவ் 6-ஐ இங்கே விரிவாகப் பார்ப்போம். மற்றவற்றைப் பின்னால் தொடுவோம். எண்கள் எல்லாம் ஸ்டாண்டர்ட் வேகத்துக்கு, கேதரிங் ஸ்டார்ம் என்ற விரிவாக்கத் தொகுப்பின் விதிகளோடு.

சிவ் 6: ஒரு சயின்ஸ் புள்ளிக்கு எவ்வளவு உற்பத்தி?

முதல் செட்லருக்கு 80 உற்பத்தி. அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 30 கூடும்: 110, 140, 170, 200, 230. நகரத்தில் குறைந்தது 2 மக்கள்தொகை இருந்தால்தான் செட்லர் எடுக்கலாம். எடுத்தால் 1 குறையும். அந்த 1 புதிய நகரத்தில் மறுபடி வந்துவிடுவதால் மொத்த மக்கள்தொகையில் நஷ்டம் இல்லை. செட்லர் நடந்துகொண்டிருக்கும் டர்ன்கள்தான் நஷ்டம்.

ஆய்வுப் பக்கம் வாருங்கள். ஆய்வுக்கென்று தனிக் கட்டத்தில் அமைக்கும் டிஸ்ட்ரிக்டான கேம்பஸ் ஆரம்பத்தில் 54 உற்பத்தி, அதற்குள் கட்டும் லைப்ரரி 90, யுனிவர்சிட்டி 250. லைப்ரரி டர்னுக்கு 2 சயின்ஸ் (ஆய்வுப் புள்ளி) தரும், யுனிவர்சிட்டி 4. ஒவ்வொரு குடிமகனும் 0.5. கேம்பஸுக்கு அக்கம்பக்கத்துக் கட்டங்களிலிருந்து 3 கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுமாரான இடத்திலேயே அது கிடைக்கும்.

ஏற்கெனவே இருக்கும் நகரத்தில் கேம்பஸும் லைப்ரரியும் கட்ட 144 உற்பத்தி. கிடைப்பது 5 சயின்ஸ். புள்ளிக்கு ஏறக்குறைய 29.

புதிய நகரம் என்றால் முதல் செட்லரோடு சேர்த்து 80 + 54 + 90 = 224. நாலு குடிமக்கள் வந்தபின் 7 சயின்ஸ். புள்ளிக்கு 32. இரண்டாவது செட்லரோடு 254, புள்ளிக்கு 36. ஆறாவது செட்லர் எடுக்கும் நேரத்தில் கேம்பஸும் 90 பக்கம் ஏறியிருந்தால் 230 + 90 + 90 = 410, புள்ளிக்கு 58 அல்லது 59. அதே நேரத்தில் பழைய நகரத்தில் யுனிவர்சிட்டி கட்டினால் 250-க்கு 4 சயின்ஸ். புள்ளிக்கு 62.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, கேம்பஸ் இல்லாமல் சும்மா நிற்கும் நகரம்தான் உங்களிடம் இருக்கும் மிக மலிவான சயின்ஸ். அதை விட்டுவிட்டு ஐந்தாவது செட்லருக்கு ஓடக்கூடாது. இன்னொன்று, ஆறாவது செட்லர்கூட யுனிவர்சிட்டியைவிட மோசமில்லை. அந்த நகரம் சயின்ஸோடு நிலம், இரும்பு, கல்ச்சர், இன்னொரு டிஸ்ட்ரிக்ட் இடம் எல்லாம் கொண்டுவருகிறது. ஒரே குறை, அது வளர நேரம் எடுக்கும். அதனால் 40-ஆவது டர்னில் போட்ட நகரமும் 120-ஆவது டர்னில் போட்ட நகரமும் ஒன்றல்ல.

நகரங்கள் கூடினால் டெக் விலை ஏறும் என்ற பயம் சிவ் 6-இல் தேவையே இல்லை. அப்படி ஒரு விதி இதில் கிடையாது.

முதல் 60 டர்ன்

முதல் டர்னில் அரண்மனை தரும் 2, ஒரு குடிமகன் தரும் 0.5, ஆக 2.5 சயின்ஸ். 25 விலையுள்ள மைனிங் 10 டர்ன் எடுக்கும். இந்தக் கட்டத்தில் ஆய்வை வேகப்படுத்த உங்களிடம் கருவியே இல்லை. ஆகவே உற்பத்தி முழுவதும் விரிவாக்கத்துக்குத்தான்.

வரிசை: ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்), ஸ்லிங்கர் (கவண் வீரர்), செட்லர், பில்டர் (நிலத்தை மேம்படுத்துபவர்), செட்லர். காட்டுமிராண்டிகள் பக்கத்தில் முகாம் போட்டிருந்தால் இரண்டாவது ஸ்லிங்கர் முதலில் வரட்டும். அவர்களின் ஸ்கவுட் உங்கள் நகரத்தைப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பினால் படை கிளம்பும். அதன் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி தெரிந்த அந்த டர்னிலேயே துரத்தி அடியுங்கள். இதை அலட்சியப்படுத்தினால் 25-ஆவது டர்னில் குதிரைகள் வாசலில் நிற்கும், செட்லர் வெளியே போகவே முடியாது.

டெக்கில் பக்கத்து நிலத்தைப் பார்த்து மைனிங் அல்லது அனிமல் ஹஸ்பண்ட்ரி, அடுத்து பாட்டரி, அதன்பின் ரைட்டிங். கேம்பஸைத் திறந்துவிடும் ரைட்டிங்கின் விலை 50. வேறொரு நாகரிகத்தைச் சந்தித்தால் யுரேக்கா (ஒரு செயலைச் செய்ததற்காக டெக் விலையில் கிடைக்கும் கழிவு) கிடைத்து 30 ஆகும். ஸ்கவுட்டை முதலில் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிவிக் (கல்ச்சர் புள்ளிகளால் பெறும் சமூக முன்னேற்றம்) பக்கம் எர்லி எம்பயர் முக்கியம். அதில்தான் காலனைசேஷன் என்ற கொள்கைக் கார்டு வருகிறது: செட்லர் உற்பத்திக்கு 50 சதவீதம் கூடுதல். மொத்த மக்கள்தொகை 6 ஆனால் அந்த சிவிக்குக்கு இன்ஸ்பிரேஷன் (டெக்குக்கு யுரேக்கா போல) கிடைக்கும். ஆரம்ப அரசாங்கத்தில் பொருளாதாரக் கார்டுக்கு ஒரே ஒரு இடம்தான். அதில் இருக்கும் அர்பன் பிளானிங்கை எடுத்துவிட்டுக் காலனைசேஷனைப் போடுங்கள். கார்டு இருந்தால் 110 செட்லர் 73 உற்பத்தியில் முடியும், 140 செட்லர் 93-இல். ஆகவே முதல் செட்லர் ஒன்றை, கூடிப்போனால் இரண்டை கார்டு இல்லாமல் எடுத்துவிட்டு, அடுத்த இரண்டு மூன்றைக் கார்டு விழுந்தபின் அடுத்தடுத்து எடுப்பதுதான் லாபம். சிவிக் முடியும்போது மட்டும்தான் கார்டை இலவசமாக மாற்றலாம். இடையில் மாற்றினால் தங்கம் கொடுக்க வேண்டும். கார்டைப் போட்டுவிட்டுச் செட்லர் எடுக்காமல் வேறு கட்டடம் கட்டிக்கொண்டிருப்பவர்களையும் பார்க்கிறோம்.

பக்கத்தில் காடு இருந்தால் பில்டரின் ஒரு சார்ஜை (ஒரு தடவை வேலை) செலவழித்து செட்லர் வரிசையில் இருக்கும்போது வெட்டுங்கள். மைனிங் டெக் வந்தபின் வெட்டலாம். மழைக்காடு வெட்ட பிரான்ஸ் வொர்க்கிங் வேண்டும். ஆனால் கேம்பஸ் போடப்போகும் இடத்தைச் சுற்றியுள்ள மழைக்காட்டைத் தொடாதீர்கள். அதன் கணக்கு அடுத்து வருகிறது.

தங்கம் சேர்ந்தால் செட்லரை வாங்கவும் செய்யலாம். ஒரு உற்பத்திக்கு 4 தங்கம் வீதம் முதல் செட்லர் 320. பக்கத்து நாட்டுக்காரர் அதே இடத்துக்குச் செட்லரை நடத்திக்கொண்டு வருகிறார் என்று தெரிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் உற்பத்தி போதும்.

50-ஆவது டர்ன் பக்கம் மூன்று, நான்கு நகரங்கள் இருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். சிவ் 6 ஆடுபவர்களிடையே பழகிய அளவுகோல் 100 டர்னுக்கு 10 நகரம். நிலம் குறுகலாக இருந்தால் 7, 8 கூடப் போதும். 4 போதாது.

நகரத்தை எங்கே, கேம்பஸை எங்கே

நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் நகரத்துக்கு 5 ஹவுசிங் (மக்கள் தங்க இடம்). வெறும் கடற்கரை 3. தண்ணீரே இல்லையென்றால் 2. மக்கள்தொகை ஹவுசிங்குக்கு 1 குறைவாக வந்ததும் வளர்ச்சி பாதியாகும், சமமானால் கால்வாசியாகும். மக்கள்தொகை 4 ஆனால் இரண்டாவது டிஸ்ட்ரிக்ட், 7 ஆனால் மூன்றாவது. ஆகத் தண்ணீர் இல்லாத நகரம் ஒரே டிஸ்ட்ரிக்டோடு வெகுநாள் முடங்கிக் கிடக்கும்.

இரண்டு நகரங்களுக்கு நடுவே குறைந்தது 3 கட்டம் காலியாக இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்ச தூரத்தையே பயன்படுத்துங்கள். நகரம் தன்னைச் சுற்றி 3 கட்டம்வரை வேலை செய்யும் என்பதால் பலர் 6 கட்டம் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். ஆட்டம் முடியும்வரை அந்தக் கட்டங்களில் பாதிக்கு ஆள் வரப்போவதில்லை. நெருக்கமாக வைத்தால் நிலம் மிஞ்சும், காவலும் சுலபம், டிஸ்ட்ரிக்டுகள் ஒன்றுக்கொன்று உரசி லாபம் தரும்.

கேம்பஸுக்கு மலை ஒவ்வொன்றும் 1. மழைக்காடு இரண்டுக்கு 1. வேறு டிஸ்ட்ரிக்ட் இரண்டுக்கு 1. பவளப்பாறையும் வெந்நீர் வெடிப்பும் தலா 2. நகரம் மலையடியிலேயே இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, கேம்பஸ் இருந்தால் போதும். பினாங்குத் தீவையே ஒரு வரைபடமாக நினைத்துப் பாருங்கள்: நகர மையம் ஜார்ஜ்டவுன் கடற்கரையில், கேம்பஸ் ஆயர் ஈத்தாம் பக்கம் கொடிமலையின் அடிவாரத்தில். துறைமுகத்துக்குத் துறைமுகமும் ஆச்சு, ஆய்வுக்கு மலையும் ஆச்சு. செட்லரை நிறுத்துவதற்கு முன் 3 கட்டத்துக்குள் இப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும்.

இனி, பலருக்குத் தெரியாத ஆனால் ஆட்டத்தையே மாற்றும் ஒரு விஷயம். டிஸ்ட்ரிக்டின் விலை நிலையானதல்ல. நீங்கள் முடிக்கும் டெக், சிவிக் எண்ணிக்கை கூடக்கூட அதுவும் ஏறும். அதாவது, ஆய்வில் மட்டும் வேகமாக ஓடி நகரங்களைத் தள்ளிப்போட்டால், பிறகு போடும் ஒவ்வொரு நகரத்தின் கேம்பஸும் விலை கூடியதாகவே வரும். "முதலில் ஆய்வு, பிறகு விரிவாக்கம்" என்ற திட்டம் சிவ் 6-இல் எடுபடாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆனால் டிஸ்ட்ரிக்டை வரைபடத்தில் இடம் குறித்து வைத்த கணத்தில் அதன் விலை உறைந்துவிடும். அப்புறம் ஏறாது. ஆகவே:

1. நகரம் நிறுவிய அதே டர்னில் உற்பத்திப் பட்டியலில் கேம்பஸைத் தேர்ந்தெடுத்து இடத்தைக் குறியுங்கள். 1 மக்கள்தொகைக்கே முதல் டிஸ்ட்ரிக்ட் கிடைக்கும்.
2. உடனே உற்பத்தியை மான்யுமென்ட்டுக்கோ பில்டருக்கோ மாற்றுங்கள். குறித்த இடம் அப்படியே காத்திருக்கும்.
3. மக்கள்தொகை 4 ஆனதும் அடுத்த டிஸ்ட்ரிக்டையும் இதேபோல் குறித்துவிடுங்கள்.

கேம்பஸ் குறிக்க வேண்டிய கட்டம் உங்கள் எல்லைக்குள் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைத் தங்கம் கொடுத்து வாங்குங்கள். செலவு செய்யத் தகுந்த இடம் இது. சரியான இடம் இன்னும் எல்லைக்கு வரவில்லை என்று 30 டர்ன் காத்திருப்பவருக்கு விலை உயர்வே அந்தத் தங்கத்தைவிட அதிகமாகிவிடும்.

மான்யுமென்ட்டைச் சொன்னது சும்மா இல்லை. கல்ச்சர் தரும் அது 60 உற்பத்திதான். கல்ச்சர் இல்லாமல் சயின்ஸ் மட்டும் ஓடினால் பொலிட்டிக்கல் பிலாசபி என்ற சிவிக் தள்ளிப்போகும், முதல் உருப்படியான அரசாங்கம் தள்ளிப்போகும், கார்டு இடங்கள் தள்ளிப்போகும். கேம்பஸின் அக்கம்பக்க லாபத்தை இரட்டிப்பாக்கும் நேச்சுரல் பிலாசபி கார்டுகூட ரெக்கார்டட் ஹிஸ்டரி என்ற சிவிக்கில்தான் வருகிறது. அதற்கு இன்ஸ்பிரேஷன் இரண்டு கேம்பஸ் கட்டுவது. 3 அக்கம்பக்கம் உள்ள நாலு கேம்பஸ் இருந்தால் இந்த ஒரே கார்டு 12 சயின்ஸ் தரும், அதுவும் உற்பத்திச் செலவே இல்லாமல்.

யுரேக்கா

விரிவாக்கமும் ஆய்வும் எதிரிகள் என்ற எண்ணத்தை உடைப்பது யுரேக்காதான். ஒரு டெக்கின் விலையில் 40 சதவீதத்தை அது கழித்துவிடும். பட்டியலைப் பாருங்கள். கடற்கரையில் நகரம் போட்டால் செய்லிங். குவாரி ஒன்று கட்டினால் மேசன்ரி. ஒரு வளத்தின்மேல் வயல் போட்டால் இரிகேஷன், சுரங்கம் போட்டால் வீல். பாஸ்ச்சருக்கு ஹார்ஸ்பேக் ரைடிங். மூன்று சுரங்கத்துக்கு அப்ரண்டிஸ்ஷிப். இரண்டு கடல் வளத்தை மேம்படுத்தினால் செலஸ்டியல் நேவிகேஷன். வணிகப் பாதை ஒன்று போட்டால் கரன்சி. இவற்றில் ஏறக்குறைய எல்லாமே புது நிலம் பிடித்தால் தானாக வருபவை. 80 விலையுள்ள மேசன்ரியில் 32 மிச்சம். டர்னுக்கு 5 சயின்ஸ் இருக்கும் காலத்தில் அது ஆறு டர்ன்.

செய்முறை: ஒரு டெக்கின் யுரேக்கா சீக்கிரம் கிடைக்கும் என்று தெரிந்தால் அதை 60 சதவீதம்வரை ஆராய்ந்துவிட்டு வேறொன்றுக்கு மாறுங்கள். ஆராய்ந்தது வீணாகாது. யுரேக்கா வந்ததும் மீதி 40 நிரம்பி டெக் முடிந்துவிடும். 60-ஐத் தாண்டி ஆராய்ந்தபின் யுரேக்கா வந்தால் மிஞ்சியது போச்சு. ஆனால் எல்லாவற்றுக்கும் யுரேக்கா கிடைக்கும்வரை காத்திருப்பது பேராசை. ரைட்டிங், அப்ரண்டிஸ்ஷிப், எஜுகேஷன் போன்றவை தாமதமானால் மற்றதெல்லாம் தாமதமாகும். யுரேக்கா இல்லாவிட்டாலும் முடித்துவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது

செட்லர் எடுப்பதை நிறுத்தும் நேரத்துக்கு மூன்று அறிகுறிகள்.

முதலாவது லாயல்டி (நகரத்தின் விசுவாசம்). ஒவ்வொரு குடிமகனும் 9 கட்டத்துக்குள் உள்ள நகரங்கள்மீது அழுத்தம் கொடுக்கிறார். ஒரு கட்டம் தள்ளிப்போனால் 10 சதவீதம் குறையும். பக்கத்து நாட்டின் பெரிய நகரங்களுக்கு நடுவே உங்கள் 1 மக்கள்தொகை நகரத்தை வைத்தால் சில டர்னில் கலகம் செய்து பிரிந்துபோகும். செட்லரைத் தேர்ந்தெடுத்ததும் வரைபடத்தில் லாயல்டி அழுத்தம் தெரியும். பெரிய கழித்தல் எண் இருந்தால் கவர்னரை அனுப்பி 8 கூட்டலாம். அப்படியும் கழித்தலிலேயே நின்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது அமெனிட்டி (மக்களை மகிழ்விக்கும் வசதி). ஒரு ஆடம்பர வளம் நாலு நகரங்களுக்குத்தான் தலா 1 தரும். அதே வளத்தின் இரண்டாவது பிரதி உங்களுக்கு ஒன்றும் செய்யாது, விற்கத்தான் உதவும். ஆகவே எட்டாவது, ஒன்பதாவது நகரத்தின் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது புதிய வகை ஆடம்பர வளம் உள்ள இடத்துக்கே முன்னுரிமை.

மூன்றாவது உங்கள் சொந்த வரிசை. இரண்டு நகரங்களுக்கு மேல் கேம்பஸ் குறித்துவைத்து கட்டப்படாமல் நின்றால் அடுத்த செட்லரை ஒத்திவைத்து அவற்றை முடியுங்கள். மேலே போட்ட 29-க்கும் 58-க்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பொற்காலம் கிடைத்து அதன் சலுகைகளில் மான்யுமென்டாலிட்டியைத் தேர்ந்தெடுத்தால் ஃபெயித் (சமயப் புள்ளி) கொடுத்து செட்லர் வாங்கலாம், 30 சதவீதத் தள்ளுபடியோடு. ஃபெயித் நன்றாக வரும் நாடாக இருந்தால் அந்தக் காலம் முடியும்வரை நிறுத்தாதீர்கள். கவர்னர் மேக்னஸுக்கு ப்ரொவிஷன் பதவி உயர்வு கொடுத்து ஒரு நகரத்தில் வைத்தால் அங்கே எடுக்கும் செட்லருக்கு மக்கள்தொகை குறையாது. ஆன்செஸ்ட்ரல் ஹால் கட்டிய நகரத்தில் செட்லருக்கு 50 சதவீதம் கூடுதல், புதிய நகரங்களுக்கு இலவச பில்டரும் உண்டு. இந்த மூன்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் நிறுத்தும் நேரம் வெகுவாகத் தள்ளிப்போகும்.

எங்கே கோளாறு வருகிறது

அதிசயக் கட்டடங்கள். ஸ்டோன்ஹெஞ்ச் 180 உற்பத்தி. முதல் இரண்டு செட்லரும் சேர்ந்தே 190-தான். கிரேட் லைப்ரரி 400. பெயரில் லைப்ரரி இருக்கிறது என்பதற்காக அதை ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். அதே 400-க்கு இரண்டு நகரத்தில் கேம்பஸும் லைப்ரரியும் கட்டி 100-க்கு மேல் மிஞ்சும். கடைசி நேரத்தில் கணினி வேறொரு நாட்டுக்கு அதைக் கொடுத்துவிடும் அபாயமும் இல்லை.

செட்லரின் அலைச்சல். "இன்னும் நல்ல இடம்" தேடி 8 டர்ன் நடக்கும் செட்லர், 8 டர்ன் வேலையை இழக்கிறது. ஸ்கவுட் ஏற்கெனவே பார்த்த இடத்தை முடிவுசெய்த பிறகுதான் செட்லரை உற்பத்தியிலேயே போட வேண்டும். கூட ஒரு வாரியரையும் அனுப்புங்கள். துணையில்லாத செட்லர் காட்டுமிராண்டியிடம் மாட்டினால் உற்பத்தியோடு மக்கள்தொகையும் போகிறது.

புது நகரத்தைத் தனியாக விடுவது. வணிகப் பாதையைப் புது நகரத்திலிருந்து தலைநகரத்துக்குப் போடுங்கள். உணவும் உற்பத்தியும் வரும், சாலையும் தானாக விழும். வெளிநாட்டுப் பாதையின் தங்கம் கவர்ச்சியாகத் தெரியும். முதல் இரண்டு பாதைக்கு அந்த ஆசை வேண்டாம்.

படை இல்லாத பத்து நகரம். இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் மறக்கிறார்கள். எல்லை நகரத்துக்கு ஒரு ஆர்ச்சர்.

சிவ் 5, அன்சிவ்: கணக்கு தலைகீழ்

இங்கே ஸ்டாண்டர்ட் அளவு வரைபடத்தில் முதல் நகரத்துக்குமேல் ஒவ்வொரு நகரத்துக்கும் எல்லா டெக்கின் விலையும் 5 சதவீதம் ஏறும். நகரத்துக்கு 3 அதிருப்தி, குடிமகனுக்கு 1. செட்லர் கட்டும்போது நகரம் வளரவே வளராது. ட்ரடிஷன் கொள்கையில் இலவசக் கட்டடங்கள் முதல் நாலு நகரத்துக்குத்தான். எல்லோரும் நாலு நகரம் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் "நாலுக்குமேல் கூடாது" என்பது சட்டம் இல்லை, கணக்கு. நாலு நகரத்தில் விலை 115 சதவீதம். ஐந்தாவது வந்தால் 120. அதாவது விலை 4.3 சதவீதம் ஏறுகிறது. உங்கள் மொத்த சயின்ஸ் 60 என்றால் புது நகரம் 2.6 கொடுத்தாலே ஈடாகிவிடும். குடிமகனுக்கு 1, லைப்ரரி இருந்தால் இரண்டு குடிமகனுக்கு இன்னொரு 1 என்பதால் இரண்டு பேரும் ஒரு லைப்ரரியும் போதும். மொத்தம் 300 ஆனபின் அதே நகரம் 13 கொடுக்க வேண்டும். லைப்ரரியோடு ஒன்பது பேர் வந்தால்தான் அது நடக்கும், அந்த ஒன்பது பேரின் அதிருப்தியையும் தாங்க வேண்டும். ஆகவே சிவ் 5-இல் விரிவடைவதாக இருந்தால் சீக்கிரம், இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

நேஷனல் காலேஜ் இன்னொரு கட்டாயம். 3 சயின்ஸும் அந்த நகரத்தின் சயின்ஸில் 50 சதவீதமும் கூடுதல். அதைக் கட்ட எல்லா நகரத்திலும் லைப்ரரி இருக்க வேண்டும், நகரம் கூடினால் அதன் விலையும் கூடும். நேஷனல் காலேஜ் பாதியில் இருக்கும்போது புது நகரம் நிறுவாதீர்கள். செட்லரைப் பாதுகாப்பாக நிறுத்திவைத்து, காலேஜ் முடிந்த அடுத்த டர்னில் நிறுவுங்கள்.

பாலிடோப்பியா

பட்டர்வொர்த் ஃபெரியிலும் கொம்தார் பேருந்திலும் கைத்தொலைபேசியில் ஆட இதுதான் ஏற்றது. டெக் விலைக்குச் சூத்திரம் எளிது: நகரங்களின் எண்ணிக்கையை டெக்கின் படிநிலையால் பெருக்கி 4 கூட்டுங்கள். ஒரு நகரத்தில் 5, 6, 7 நட்சத்திரம் (அதுதான் இங்கே பணம்). நாலு நகரத்தில் 8, 12, 16. ஆறில் 10, 16, 22.

இதைப் பார்த்துக் கிராமம் பிடிக்கத் தயங்க வேண்டாம். கிராமம் டர்னுக்கு ஒரு நட்சத்திரமாவது தரும். விலை ஏற்றத்தைச் சில டர்னில் மீட்டுவிடும். கவனிக்க வேண்டியது ஒரே டர்னுக்குள் எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதை. டெக் வாங்க நட்சத்திரம் கையில் இருந்தால் முதலில் டெக், பிறகு கிராமத்தைப் பிடியுங்கள். மாற்றிச் செய்தால் மூன்றாம் படி டெக்குக்கு 3 நட்சத்திரம் சும்மா போகும்.

பிலாசபி எல்லா டெக்கையும் மூன்றில் ஒரு பங்கு மலிவாக்கும். ஆறு நகரத்தில் அதன் விலை 22. அதை மீட்க இன்னும் 66 நட்சத்திர டெக் வாங்க வேண்டும், அதாவது மூன்று நாலு பெரிய டெக். 30 டர்ன் பர்ஃபெக்‌ஷன் ஆட்டத்தில் 20-ஆவது டர்னுக்குமேல் அதைத் தொடாதீர்கள்.

மற்றவை

ஃப்ரீசிவ் என்ற இலவச ஆட்டத்தில் வணிக வருமானத்தை வரி, ஆடம்பரம், சயின்ஸ் என்று பிரிக்கும் சதவீதத்துக்கு அரசாங்கம் வரம்பு போடுகிறது. சாதாரண விதிகளில் டெஸ்பாட்டிசம் 60, மோனார்க்கி 70, ரிபப்ளிக் 80. டெஸ்பாட்டிசத்தில் இருக்கும்வரை நகரம் போடுங்கள், ரிபப்ளிக் வந்தபின் சயின்ஸைத் திருகுங்கள். நகரங்கள் கூடக்கூட அதிருப்தி ஏறும் என்பதால் கோவிலையும் மறக்க வேண்டாம்.

2025 பிப்ரவரியில் வந்த சிவ் 7-இல் குடியிருப்பு வரம்பு திரையின் மேலேயே தெரியும். தாண்டினால் எல்லா இடத்திலும் மகிழ்ச்சி குறையும். புதிதாக நிறுவுவது முதலில் டவுன்தான், அதன் உற்பத்தி தங்கமாக மாறும். தங்கம் கொடுத்து அதை நகரமாக்கலாம். வரம்பு நிரம்பும்வரை டவுன்களைப் போட்டு, அவை தரும் தங்கத்தில் நல்ல இரண்டு மூன்றை மட்டும் நகரமாக்கி அங்கே சயின்ஸ் கட்டடங்களை அடுக்குவதே வழி. இதில் சோழரும் மஜபாகித்தும் ஒரே காலகட்டத்தில் வருகிறார்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்கு வந்ததைப் பள்ளியில் படித்தவர்கள், பூஜாங் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா போனவர்கள், சோழரை எடுத்ததும் கப்பலில் ஏறத் துடிப்பார்கள். வரம்பைப் பார்த்து ஏறுங்கள்.

ஒரே மடிக்கணினியில் மூன்று பேர்

தீபாவளி விடுமுறையில், வார இறுதியில் ஹாட்சீட் ஆடுபவர்கள் பெரும்பாலும் சிவ் 6-இல் ஆன்லைன் வேகத்தைப் போடுவார்கள். 500 டர்ன் 250 ஆகிறது, விலைகள் பாதியாகின்றன. செட்லர் 40, அடுத்தது 55. ஆனால் செட்லர் நடக்கும் வேகம் மாறுவதில்லை. ஸ்டாண்டர்டில் 6 டர்ன் நடப்பது பெரிய விஷயமல்ல, இங்கே அது 12 டர்னுக்குச் சமம். ஆகவே ஆன்லைன் வேகத்தில் முதல் நாலு நகரமும் தலைநகரத்திலிருந்து நாலு ஐந்து கட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். தூரத்து நல்ல இடத்தை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

காலனைசேஷன் கார்டின் ஆயுளும் பாதியாகிறது. எர்லி எம்பயர் முடிவதற்கு இரண்டு டர்ன் முன்பே தலைநகரத்தில் மக்கள்தொகை குறைந்தது 3 இருக்கும்படி உணவுக் கட்டங்களில் ஆட்களை வையுங்கள். கார்டு விழுந்ததும் இரண்டு செட்லரை இடைவெளி இல்லாமல் எடுக்க அது வேண்டும். ஒருவர் கோலாலம்பூரிலும் மற்றவர் பினாங்கிலும் இருந்தால் ப்ளே பை கிளவுட் முறையில் நேரம் கிடைக்கும்போது ஆடலாம். அதில் ஒரு டர்னுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாள்கூட ஆகும் என்பதால், எந்த நகரத்தில் கேம்பஸ் குறித்து வைத்தீர்கள், எந்த டெக் 60-இல் நிற்கிறது என்பதை வரைபடக் குறிகளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.